ஏரிக்குக் கணக்குக் கொடுப்பது யார்?



கொஞ்சம் நீளமான பதிவு. ஒரு பீரியட் ஆகும். காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன வாரம் 1996 பேட்ச் மாணவன் ஒருவன் போன் செய்தான். "சார், வேளச்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்திருக்கேன். லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. வக்கீல் பேப்பர் எல்லாம் பார்த்துட்டார். வீட்டுலதான் மழைக்குத் தண்ணி நிக்குமான்னு பயப்படறா. நீங்க என்ன சொல்றீங்க?"

"ஏம்ப்பா, வரலாறு வாத்தியார்கிட்ட வந்து வீடு வாங்க யோசனை கேட்கிறாயே?" என்று சிரித்தேன். போனை வைத்த பிறகு யோசித்துப் பார்த்தால், அவன் சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறான். சென்னையில் வீடு வாங்குவது வரலாற்றுப் பாடம்தான். ஆனால் "வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

உத்திரமேரூர் கல்வெட்டு ஞாபகம் இருக்கிறதா? குடவோலை முறை என்றதும் பரீட்சைக்கு ஐந்து மார்க் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் வெட்டியது. அதில் பல வாரியங்கள் வரும். அவற்றில் ஒன்று ஏரி வாரியம். 6 பேர். பதவிக்காலம் 360 நாள். ஊரில் ஏரிக்கென்றே தனியாக ஒரு வாரியம் இருந்தது என்பதோடு நாம் பாடத்தை முடித்துவிடுவோம்.

நான் வகுப்பில் அழுத்திச் சொல்லாமல் விட்ட ஒரு விதி அதில் இருக்கிறது. ஏற்கெனவே வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி தேர்தலுக்கு நிற்க முடியாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் நிற்க முடியாது.

அந்தச் சபையை நான் பெரிதாகக் கொண்டாடவில்லை. அது பிராமணர்களின் சபை. சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் உள்ள ஆண்களுக்குத்தான் இடம். ஏரியில் மண் சுமந்தவர்களின் பெயர் அந்தக் குடத்துக்குள் போகவே இல்லை. ஆனாலும் ஒரு விஷயம் உண்மை. ஏரி கெட்டால் யாரைப் பிடித்துக் கேட்பது என்று அந்த ஊருக்குத் தெரிந்திருந்தது.

நம் செங்கல்பட்டு ஜில்லாவுக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் ஆறு, கழுவெளி, கடல். மதகு வழியாக வயலுக்குத் தண்ணீர். அந்த வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். ஆயக்கட்டுக்காரன் கோடையில் தூர் வாருவான், மழைக்கு முன்னால் கரையைப் பலப்படுத்துவான். புண்ணியத்துக்காக அல்ல. ஏரி உடைந்தால் அவன் சோறு போய்விடும்.

கிழக்கிந்தியக் கம்பெனிக்காரனுக்கும் ஏரி வேண்டியிருந்தது. ஏரி இருந்தால்தான் நெல், நெல் இருந்தால்தான் வரி. மதுராந்தகத்தில் "ஏரி காத்த ராமர்" கதையில் வருகிற கலெக்டர் லயனல் பிளேஸ் ராத்திரி மழையில் ஏரிக்கரைக்கு ஓடியது பக்தியால் என்று கதை சொல்லும். வரிப்பணத்தின் மேல் இருந்த கவலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆக, மன்னராட்சியோ கம்பெனி ஆட்சியோ, ஏரியை நம்பி யாருக்காவது வருமானம் இருந்தவரை ஏரி பிழைத்தது. நகரம் வளர்ந்தபோது மாறியது இந்த இடம்தான்.

1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து மதராஸ் நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்தார்கள். நல்ல காரியம்தான். காலராவுக்குப் பயந்து கிணற்றுத் தண்ணீர் குடித்த காலம் அது. ஆனால் தூரத்து ஏரியிலிருந்து குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்ததும், வீட்டுப் பக்கத்து ஏரி வெறும் கொசு வளர்க்கும் குட்டையாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. பக்கத்து வயல்களும் மனைகளாயின. ஆயக்கட்டு போனது, ஏரிக்காகப் பேச ஆளும் போனது.

அப்போது நகரத்தின் மேற்கு ஓரத்தில் நுங்கம்பாக்கம், மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு ஒரு ஏரி கிடந்தது. ஆங்கிலேயர் அதை லாங் டேங்க் என்றார்கள். நீண்ட ஏரி. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923-இல் அந்த ஏரியின் மாம்பலம் பகுதியை உடைத்துத் தண்ணீரை வடித்து, மனை போட்டார்கள். அதுதான் தியாகராய நகர். நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயர் பெயரில் நகர், முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா. ஜனநெருக்கத்துக்கு விடிவு என்று அன்று எல்லோரும் பாராட்டினார்கள். ஐந்து லட்சம் பேர் இருந்த பட்டணத்துக்கு இடம் தேவைப்பட்டதும் உண்மைதான். அந்த ஏரிக்கு அடுத்த ஏற்பாடு என்ன, மழைத் தண்ணீர் இனி எந்த வழியாகப் போகும் என்ற கேள்விக்குத்தான் கணக்கு இல்லை.

சாலைப் பெயர்களைப் பாருங்கள். எழும்பூர்ப் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு, அதாவது ஏரிக்கரைச் சாலை. அங்கேயே லேக் ஏரியா. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு. பார்ப்பதற்கு லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 1976-இல் திறந்த வள்ளுவர் கோட்டமும் பழைய நுங்கம்பாக்கம் ஏரியின் மேல்தான் நிற்கிறது. முகப்பேரில் கடிதம் போட்டால் "ஏரித் திட்டம்" என்றே முகவரி எழுத வேண்டும். வீட்டு வசதி வாரியமே ஏரியில் மனை போட்டு, அதற்கு அந்தப் பெயரையே வைத்தது. மதுரைக்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் ஊர் உயர் நீதிமன்றக் கிளை எழுந்த இடம் உலகனேரி.

இதில் கட்சி பேதம் இல்லை. நீதிக்கட்சியும், காங்கிரசும், இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட நூறு வருஷம் இது. யாரும் ஏரியை வெறுத்துச் செய்யவில்லை. தனியார் நிலத்தை எடுத்தால் நஷ்ட ஈடு, கோர்ட், கேஸ். ஏரிப் புறம்போக்கை எடுத்தால் ஒரு கையெழுத்து. பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு, ஆபீஸ் எதற்கானாலும் அதிகாரியின் விரல் முதலில் போவது வரைபடத்தில் நீலமாக இருக்கும் இடத்துக்குத்தான். பறக்கும் ரயிலைப் பாருங்கள். சென்னைக் கடற்கரையிலிருந்து புறப்பட்டு 1997-இல் திருமயிலைக்கு வந்தது. தூண்களைப் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே இறக்கினார்கள். ரயில் விடுவது சுற்றுச்சூழலுக்கு நல்லது, வாகனப் புகை குறையும். ஆனால் அந்த நல்ல காரியத்துக்கும் வெள்ள நீர் போகும் வழிதான் இலவச இடமாகக் கிடைத்தது.

இங்கே என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

1987-இல் தாம்பரத்துக்கு மேற்கே ஒரு மனை வாங்கினேன். பி.எஃப். லோன் போட்டு, உங்கள் டீச்சரம்மாவின் வளையலை அடகு வைத்து வாங்கிய மனை. விலை ஏன் இவ்வளவு சல்லிசு என்று கேட்டேன். "ஏரி எப்பவோ தூர்ந்து போச்சு சார், பஞ்சாயத்து அப்ரூவல் இருக்கு" என்றார் புரோக்கர். பக்கத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "வாத்தியாரே, இது தண்ணி நடக்கிற வழி" என்றார். நான் கேட்டுக்கொள்ளவில்லை. அதே வாரம் ஒன்பதாம் வகுப்பில் உத்திரமேரூர் ஏரி வாரியம் நடத்தினேன்!

28 வருஷம் ஒன்றும் ஆகவில்லை. 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. ராத்திரி பத்து மணிக்கு மேல் தண்ணீர் வந்தது. தெருப் பக்கத்திலிருந்து வரவில்லை, கொல்லைப் பக்கத்திலிருந்து வந்தது. பழைய கலங்கல் இருந்த திசை. பெரியவர் சொன்ன அதே வழி. சுவிட்ச் போர்டு வரை ஏறியது. எங்களை மொட்டை மாடியிலிருந்து படகில் இறக்கியது முடிச்சூர்ப் பையன்கள். அதில் இரண்டு பேர் என் மாணவர்கள். 34 வருஷத்து குரூப் போட்டோக்கள் மரப்பெட்டியில் இருந்தன. சேறாகிப் போனதைக் கையில் அள்ளினேன். உங்களில் பலர் முகம் அதில் இருந்தது.

செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து அன்று நொடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அடையாற்றுக் கரை மூழ்கியது. இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கையே 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அந்த அறிக்கையைப் படித்தபோது எனக்கு அரசாங்கத்தின் மேல் கோபம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, தண்ணீர் போகிற வழியில் வீடு கட்டிய ஆயிரக்கணக்கானவர்களில் நானும் ஒருவன் என்பது உறைத்தது. ஆனால் ஒன்று. என் வீட்டை யாரும் இடிக்க வரவில்லை. பட்டா இருக்கிறது, சொத்து வரி கட்டுகிறேன், நான் வாத்தியார்.

வேறு ஒரு வீட்டுக்கு வந்தார்கள்.

1979 முதல் ஆறு வருஷம் நகரத்துக்குள் கூவம் பக்கத்தில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தேன். அங்கே படித்த மாணவி ஒருத்திக்குக் கூவக் கரையில் குடிசை. கல்யாணமாகியும் அங்கேயேதான். நாலு வீட்டில் வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தாள். வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீரமைக்கும் திட்டத்தில் அந்தக் கரையைக் காலி செய்து, பெரும்பாக்கத்தில் அடுக்குமாடி வீடு கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குப் பாதிப் படிப்பில் பள்ளி போனது. நாலு வீட்டு வேலையும் போனது. தினமும் பஸ்ஸுக்கே அவ்வளவு நேரமும் காசும் செலவழித்து யார் போய்வர முடியும்? கல்யாண வீடு ஒன்றில் பார்த்தபோது அவள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "ஆத்தைக் காப்பாத்தணும்னா எங்களை எடுக்கறாங்க, சரி சார். ஆத்துக்குள்ள தூண் போட்டவங்களையும், ஏரியில ஆபீஸ் கட்டினவங்களையும் எப்ப சார் எடுப்பாங்க?"

பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது தெரியுமா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டி. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் அந்தப் பக்கமே தண்ணீரில் நின்றது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி ஏழைகளை இன்னொரு வெள்ளக்காட்டில் குடிவைத்தோம். பசுமை நகரம், நீர்நிலை மீட்பு என்று எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான். இதற்கான விலையை யார் தலையில் வைக்கிறார்கள்?

பள்ளிக்கரணை ஒரு காலத்தில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்த கழுவெளி. தென்சென்னைப் பக்கத்து ஏரிகள் வழிந்து வந்து சேர்கிற இடம். அதில் பெருங்குடிக் குப்பைமேடு வந்தது, கல்லூரிகள் வந்தன, அரசு ஆய்வு நிறுவனங்கள் வந்தன, ஐ.டி. கட்டடங்கள் வந்தன. தரிசு என்று எழுதி வைத்த நிலத்துக்கு எதைக் கொண்டுவந்தாலும் லாபம் என்று நினைத்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு 2007-இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-இல் சுமார் 1,250 ஹெக்டேருக்கு ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. காலம் கடந்த காரியம்தான், ஆனாலும் பெரிய காரியம். மனுக் கொடுத்தே ஒரு சதுப்பு நிலத்தின் மிச்சத்தைக் காப்பாற்றியவர்கள் இதே ஊரில் இருக்கிறார்கள் என்பதை மறக்காதீர்கள்.

சட்டம் வேலை செய்த ஒரு உதாரணமும் சொல்ல வேண்டும். 2003. உங்களுக்கு நினைவிருக்கும், பிளாஸ்டிக் குடங்கள் வரிசையில் நின்ற காலம். ஜெயலலிதா அரசு ஜூலையில் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. புதுக் கட்டடம், பழைய கட்டடம் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். சில மாதக் கெடு. செய்யாவிட்டால் தண்ணீர் இணைப்புத் துண்டிக்கப்படும். முணுமுணுத்துக்கொண்டே எல்லோரும் செய்தோம். மொட்டை மாடிக் குழாயைக் கீழே இறக்கி, குழி வெட்டி, கருங்கல் ஜல்லியும் மணலும் போட்டு மூடினோம். நம் பள்ளி என்.எஸ்.எஸ். பையன்கள் தெருத் தெருவாகப் போய் வீடு கணக்கெடுத்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். கிணற்றில் தண்ணீர் ஏறியது. 2005-இல் கொட்டிய மழைக்கும் அதில் பங்கு உண்டு. ஆனாலும் உப்புக் கரித்த கிணறுகள் பல இடங்களில் தேறின என்பதைக் கண்ணால் பார்த்தோம்.

பிறகு? ஆய்வுக்கு வர ஆளில்லை. குழியில் மண் அடைத்தது. வீட்டுக்கு மேல் மாடி எடுத்தபோது குழாயைத் தெருவுக்குத் திருப்பிவிட்டோம். சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, குழி சிமெண்டுக்கு அடியில் இருக்கிறது.

2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். டி.வி.யில் மாலை போட்டு வரவேற்றார்கள். கணக்குப் போடுங்கள். அப்போது சாதாரண நாளில் நகரத்துக்குத் தந்த தண்ணீர் சுமார் 80 கோடி லிட்டர். ஒரு ரூபாய் தேவைக்கு மூன்றில் ஒரு பைசா வந்திருக்கிறது. அதற்கும் ஜோலார்பேட்டைப் பக்கத்தில் எதிர்ப்பு, அவர்கள் ஊரிலும் பஞ்சம்தானே. அதற்கு முன்பே 2004-இல் கடலூர் மாவட்டத்து வீராணம் ஏரியிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் குழாய் போட்டாயிற்று. தன் ஏரிகளைத் தூர்த்த ஊர், அடுத்த ஊர் ஏரியில் கை வைக்கிறது.

இப்போது அதே தி. நகருக்குத் திரும்பி வாருங்கள். ஸ்மார்ட் சிட்டித் திட்டத்தில் பாண்டி பஜாரில் அகலமான நடைபாதை போட்டார்கள். 2019 நவம்பரில் திறந்தது. நானும் பேத்தியைக் கூட்டிக்கொண்டு போனேன். வயசானவர்கள் பயமில்லாமல் நடக்க முடிகிறது, மனதாரப் பாராட்டுகிறேன். 2021 நவம்பர் மழையில் தி. நகர்த் தெருக்களில் முழங்காலளவு தண்ணீர் நாள்கணக்கில் நின்றது. மேலே புது நடைபாதை, கீழே 1923-இல் உடைத்த ஏரியின் பள்ளம். நாம் மறந்தாலும் தண்ணீருக்குத் தாழ்வான இடம் தெரியும்.

2023-இல் சென்னைக்கென்று காலநிலைச் செயல்திட்டம் வெளியிட்டிருக்கிறார்கள். 2050-க்குள் கரிம உமிழ்வைச் சமன் செய்வதாக இலக்கு. சி.எம்.டி.ஏ.வின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்கும்தான், மூன்றாவதுக்கு வேலை நடக்கிறது. திட்டங்களுக்குக் குறைவில்லை. என் கவலை பத்தாம் நூற்றாண்டு விதியைப் பற்றித்தான். வேளச்சேரி ஏரிக்கு இந்த வருஷம் பொறுப்பு யார்? போன வருஷம் எவ்வளவு பரப்பு இருந்தது, இந்த வருஷம் எவ்வளவு? கலங்கல் திறந்திருக்கிறதா, அடைத்திருக்கிறதா? நீர்வளத் துறை, மாநகராட்சி, வருவாய்த் துறை என்று மூன்று வாசலில் கைகாட்டிவிடுவார்கள். கணக்குக் காட்டாதவர் மறுபடி நிற்கக் கூடாது என்ற விதி இன்று இருந்தால், நம் வார்டில் எத்தனை பேர் நிற்க முடியும்? நம் அடுக்ககச் சங்கத் தேர்தலில் எத்தனை பேர்?

அந்த மாணவனுக்கும், அவனைப் போல வீடு பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களுக்கும் நான் சொல்வது இதுதான்.

வக்கீல் 30 வருஷ வில்லங்கம் பார்ப்பார். நீ அதற்கும் முன்னால் போ. தாலுகா ஆபீசில் அந்த சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேடும், பழைய கிராம வரைபடமும் கேள். ஏரி, ஏரி உள்வாய், ஓடை, வாய்க்கால், கழுவெளி என்று ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே நின்று யோசி. கார்த்திகை மாதம் நல்ல மழை நாளில் ஒரு தரம் போய்ப் பார். விளம்பரப் புத்தகம் கொடுப்பவரைக் கேட்காதே. டீக்கடைப் பெரியவரை, மாடு மேய்ப்பவரைக் கேள். அவர் சொன்னால் நம்பு. நான் நம்பாமல் போனேன்.

ஏற்கெனவே வீடு உள்ளவர்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடி என்றால் சுமார் 93 சதுர மீட்டர். பெருக்கினால் 1,30,000 லிட்டர் வரும், பத்து லாரித் தண்ணீருக்கு மேல். அவ்வளவும் உன் மாடியில் விழுந்து தெருவில் நின்று, உன் ஸ்கூட்டரை நனைத்துவிட்டுக் கடலுக்குப் போகிறது. புரட்டாசி முடிவதற்குள் குழியைத் திறந்து ஜல்லியைக் கழுவிப் போடுங்கள். நான் போன ஞாயிற்றுக்கிழமை செய்துவிட்டேன். 2003-இல் வெட்டிய குழியில் இரண்டு சட்டி சேறும், பேரனின் கிரிக்கெட் பந்து ஒன்றும் கிடைத்தன.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கமெண்டில் "அருமை சார்" என்று மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் பிறந்த ஊர் ஏரியின் பெயரை எழுதுங்கள். அது இப்போது இருக்கிறதா, இல்லையா, இருந்தால் எவ்வளவு இருக்கிறது என்றும் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் இன்று ராத்திரியே அம்மாவிடம் போன் போட்டுக் கேளுங்கள். எல்லாவற்றையும் தொகுத்து ஊர்வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைக்கப் போகிறேன். ஏரி வாரியம் வரும்வரை அந்தக் கணக்கையாவது நாம் வைத்திருப்போம்.

முதல் பெயரை நானே எழுதுகிறேன். என் வீடு நிற்கும் ஏரிக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் பெரிய ஏரி. இப்போது மிச்சம் இருப்பது ஒரு மதகுக் கல்லும் எங்கள் தெருவும்.

அன்புடன்,
உங்கள் வரலாறு வாத்தியார்